கம்பத்துக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கேபிள் டி.வி. காலத்திலிருந்தே எங்கள் ஊரில் லைன் இழுத்துப் பிழைப்பவன் நான். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் வைஃபை கொடுக்கலாம் என்று, தெருவிளக்குக் கம்பங்களில் மாட்ட ஆறு வைஃபை பெட்டி வாங்கினேன். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம்.

என்னை ஏமாற்றிய ஆள் பிடித்துக்கொண்டது இதைத்தான். “லைசென்ஸ்தான்ணே வேண்டாம். கம்பத்துல மாட்டணும்னா நகராட்சி அனுமதி வேணும். உள்ள நம்ம ஆளு இருக்காரு, பதினஞ்சு நாள்ல வாங்கித் தரேன்” என்றார். பாதி உண்மையாக இருந்ததால் மீதியையும் நம்பிவிட்டேன். கம்பத்துக்கு 8,000 வீதம் 48,000 ரூபாய், அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபேயில் போட்டேன். ரசீது ஆர்டரோடு வரும் என்றார்.

ஆர்டர் வந்தது. ந.க. எண் (கோப்பு எண்), வட்ட முத்திரை, ஆணையர் கையெழுத்து எல்லாம் இருந்தன. ரசீது மட்டும் வரவில்லை.

மாட்டிய ஒன்பதாம் நாள் காலையில் லைன்மேன் போன் செய்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆறு பெட்டியும் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் கிடக்கின்றன, ஒயரெல்லாம் வெட்டியபடி. கடிதத்தை மின்வாரிய ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) நீட்டினேன். “கம்பம் எங்களுது. இதுக்கு நகராட்சி எப்படிங்க அனுமதி கொடுக்கும்?” என்று கேட்டார்.

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விளக்கு நகராட்சியுடையது என்பதால் கம்பமும் அவர்களுடையது என்று நினைத்துவிட்டேன். அந்த ரோட்டில் கம்பம் மின்வாரியத்துடையது. சில ரோடுகள் நெடுஞ்சாலைத் துறை கையில் இருக்கும். ஓரத்தில் புதிதாகக் கம்பம் நட அவர்களிடம்தான் போக வேண்டும். ஆக, அந்தக் கடிதம் அசலாகவே இருந்திருந்தாலும் எனக்குப் பயன்பட்டிருக்காது.

அசலும் இல்லை. நகராட்சித் தபால் பிரிவில் அந்த ந.க. எண்ணைத் தேடினால், அது யாருடைய குடிநீர் இணைப்புக் கோப்போ. அங்கிருந்த அம்மா விரலை நனைத்துத் தேய்த்துக் காட்டினார். முத்திரையும் கையெழுத்தும் சேர்ந்தே கரைந்தன. முழுவதும் கலர் பிரிண்ட்.

கட்டணத்தையாவது விசாரித்திருக்கலாம். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு திருத்திய விதிகளில், தெருக் கம்பத்தில் 5ஜி ஸ்மால் செல் (சின்ன செல்போன் சிக்னல் பெட்டி) வைக்க வருடத்துக்கு நகரத்தில் 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். அது அங்கீகாரம் பெற்ற டெலிகாம் நிறுவனங்களுக்கான விதி; எனக்கு அப்படியே பொருந்தாது. 2025 ஜனவரி 1 முதல் புது விதிகளும் வந்துவிட்டன. ஆனாலும் 300 எங்கே, 8,000 எங்கே! அந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு நான் போன் செய்தபோது பணம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வழி உண்டு. ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் இப்போது பக்கத்து ஊர்களில் சிசிடிவி மாட்டுகிறவர்களிடம் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். உங்களிடம் வந்தால், “கம்பம் யாருது?” என்று முதலில் கேளுங்கள்.