71-வது தேசிய திரைப்பட விருது விழா: முழு நேரலை எப்படி இருந்தது?

2025 செப்டம்பர் 23 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருது கொடுத்த விழாவை யூடியூபில் முழுசாகப் பார்க்கலாம், பைசா செலவில்லை. தனியார் சேனல் விருது விழாக்களின் ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது, எனக்கு அதுதான் பிடித்தது. பெயரை அழைக்கிறார்கள், மேடைக்கு வருகிறார்கள், விருதை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

டப்பிங் குரலாக, சின்னச் சின்ன வேடங்களில் எத்தனையோ வருஷம் நாம் பார்த்த எம்.எஸ்.பாஸ்கருக்கு பார்க்கிங் படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது என்றபோது சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது, அந்தப் படத்துக்கே திரைக்கதை, சிறந்த தமிழ்ப் படம் என்று மொத்தம் 3 விருது. மராத்திப் படத்துக்காகச் சேலை கட்டிக்கொண்டு வந்து விருது வாங்கிய குட்டிப் பெண்ணுக்குக் கிடைத்த கைத்தட்டல் இருக்கிறதே, அடடா! அப்புறம் மோகன்லாலுக்கு இந்திய சினிமாவின் மிக உயரிய கௌரவமான தாதாசாகேப் பால்கே விருது, அரங்கமே எழுந்து நின்றது.

குறை என்றால், ஒலி, எடிட்டிங், கலை இயக்கம் செய்தவர்கள் சட்டென்று கடந்துபோய்விடுகிறார்கள். அவர்கள் வேலையை ஒரு நிமிஷமாவது காட்டி விளக்கியிருக்கலாம். மற்றபடி சினிமா பிடிக்கும் என்றால் தாராளமாகப் பாருங்கள்.