ஆன்டிகுவாவில் அரை நாள்: கீழே டாக்யார்டா, மேலே ஷெர்லி ஹைட்ஸா?

விவியன் ரிச்சர்ட்ஸின் ஊர் என்றால் நம்மவர்களுக்கு ஆன்டிகுவா சட்டென்று பிடிபடும். அந்தக் கரீபியன் தீவின் தென்கரையில், இங்கிலீஷ் ஹார்பரில், ஒரே தேசியப் பூங்காவுக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. தண்ணீரோரமாக நெல்சன்ஸ் டாக்யார்ட், பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பல் பழுதுபார்க்கும் துறை. எதிரே குன்றின் மேல், சுமார் 150 மீட்டர் உயரத்தில் ஷெர்லி ஹைட்ஸ், துறைமுகத்தைக் காத்த பழைய ராணுவ முகாம். நுழைவுச்சீட்டு இரண்டுக்கும் ஒன்றுதான், நேரம்தான் இடிக்கும். சொகுசுக் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் படம் எடுக்க மேலே போய்விட்டு, கீழே பத்து நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்.

மேலே காட்சி அருமை, மறுக்கவில்லை. குறுகலான வாய், சுற்றிலும் குன்றுகள், புயலுக்கு மறைவு: பிரிட்டிஷ் கடற்படை இந்தத் துறைமுகத்தை ஏன் விடவில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். வானம் தெளிவாக இருந்தால் பக்கத்துத் தீவான மான்ட்செராட் தெரியும். ஆனால் ராணுவக் குடியிருப்புகளில் மிச்சம் இருப்பவை இடிந்த சுவர்கள்தாம். அரை மணி நேரம் தாராளம்.

கீழே அப்படி இல்லை. கூரை இல்லாமல் வரிசையாக நிற்கும் பருத்த கல்தூண்களைப் பாருங்கள். அவற்றின் மேல்தான் கப்பல் பாய்களைத் தைக்கும் கூடம் இருந்தது. அடியில் படகுகளை இழுத்து நிறுத்துவார்கள். கரையில் இருக்கும் பெரிய சுழல் உருளைகளில் கயிற்றைச் சுற்றி, ஆட்கள் தள்ளித் தள்ளி, முழுக் கப்பலையே ஒருபக்கமாகச் சாய்ப்பார்கள். மரத்தைத் துளைக்கும் கடல்புழுவுக்குத்தான் இத்தனை பாடு. அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்புத் தகடு அடிக்க வேண்டும். அந்தத் தகடுகளை வைத்திருந்த கிடங்கு பின்னாளில் விடுதியாகிவிட்டது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாகப் புகழ்பெற்ற நெல்சன், 1784 முதல் 1787 வரை இந்தப் பக்கம் பணியாற்றியபோது ஓர் இளம் கேப்டன், அவ்வளவுதான். உள்ளூர் வணிகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அருங்காட்சியகம் இருக்கும் வீடு கட்டப்பட்டது 1855-இல், அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து! இந்த இடத்தை உண்மையில் கட்டி எழுப்பியவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1744 மார்ச் 8 அன்று இங்கே வெடிமருந்து வெடித்ததில் அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

1889-இல் மூடப்பட்ட துறை, 1950-களில் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் எழுந்தது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்றும் உலகெங்கிலும் இருந்து வரும் பாய்மரப் படகுகள் இங்கே கட்டி நிற்கின்றன, எனவே வெறும் கண்காட்சிப் பொருள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கு மாறும். அன்று மாலை ஷெர்லி ஹைட்ஸில் ஸ்டீல் பேண்ட் எனும் எஃகு டிரம் இசையும் சுட்ட இறைச்சியும் களைகட்டும். தீவில் தங்குகிறவர்கள் மதியம் டாக்யார்டை முடித்துவிட்டு, கேலியன் கடற்கரையில் இருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பிடிக்கலாம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். இருட்டிய பிறகு அதே வழியில் இறங்காமல் டாக்சி பிடித்துவிடுங்கள்.