அனுமதிக் கடிதம் வரும், பணம் வராது: வெளிநாட்டுக் கல்லூரி முகவர்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

வெள்ளவத்தையில் இயங்கும் கல்வி முகவர் நிலையம் ஒன்று, அமெரிக்கக் கல்லூரியில் முழு நிதி உதவியுடன் இடம் பெற்றுத் தருவதாகச் சொல்லி என் அக்காவிடம் 175,000 ரூபா வாங்கியது. மகள் உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தவள். அனுமதிக் கடிதம் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுச் செலவு 46,000 டொலர். அதில் 12,000 டொலரைப் 'புலமைப்பரிசில்' என்று கழித்திருந்தார்கள். மிச்சத்தை ரூபாவாக்கினால் ஒரு கோடிக்கு மேல் போகிறது, அதுவும் ஓர் ஆண்டுக்கு. அக்கா பாடசாலை ஆசிரியை. "காணியை ஈடு வைத்தால் சமாளிக்கலாம் அக்கா" என்று முகாமையாளர் கூசாமல் ஆலோசனை சொன்னார்.

அந்த 12,000 டொலரும் இவர்கள் பெற்றுத் தந்ததல்ல. குறிப்பிட்ட பெறுபேறு உள்ள எவருக்கும் தானாகவே கிடைக்கும் கழிவு அது என்று கல்லூரியின் இணையத்தளத்திலேயே எழுதியிருக்கிறது.

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் 'கொமன் அப்' இணையத்தளத்தின் கணக்கையும் அதற்கென்று திறந்த மின்னஞ்சலையும் அவர்களே வைத்திருந்தார்கள். சண்டை பிடித்துத்தான் கடவுச்சொல்லை வாங்க முடிந்தது. திறந்து பார்த்தால், தேவை அடிப்படையிலான (குடும்பத்தின் வசதியைப் பார்த்துக் கொடுக்கும்) நிதி உதவி கோருகிறீர்களா என்ற கேள்விக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் 'இல்லை' என்றே பதில் இருந்தது. நிதி உதவி வேண்டும் என்பதற்காகவே போன பிள்ளையின் பெயரில்!

இது கவனக்குறைவு அல்ல, கணக்குப் போட்டுச் செய்த வேலை. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கு இடம் கொடுக்கும்போது அவருக்குப் பண உதவி தேவையா என்பதையும் பார்க்கின்றன. 'தேவையில்லை' என்றால் இடம் எளிதில் கிடைக்கும். முகவர் தன் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போகலாம். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு ஆண்டுகளிலும் கேட்க முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. ஆக, அந்தக் கதவையும் இவர்களே அடைத்துவிட்டார்கள்.

கமிஷன்தான் காரணம். அமெரிக்காவில் உள்நாட்டு மாணவரைச் சேர்ப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கச் சட்டத் தடை இருக்கிறது, வெளிநாட்டு மாணவர் விடயத்தில் விலக்கு. கட்டணம் செலுத்தும் மாணவரைத் தேடும் கல்லூரிதான் முகவருக்குக் கமிஷன் கொடுக்கும். ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் ஆகியவை உதவி கேட்பதை அனுமதிக்கு எதிராகக் கொள்வதில்லை. சேர்ந்தவரின் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. டார்ட்மத் 2022இல் அந்த வரிசையில் சேர்ந்தது. அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பது வேறு கதை. ஆனால் அவற்றுக்கு வெள்ளவத்தையில் முகவர் தேவையில்லை.

பற்றுச்சீட்டில் இன்னொரு வேடிக்கை: 'ஃபாஃப்சா படிவக் கட்டணம்' 40,000 ரூபா. ஃபாஃப்சா அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை போன்ற தகுதி உள்ளவர்களும் அரச மாணவர் உதவிக்காக நிரப்பும் படிவம். அவர்களுக்கே அது இலவசம்! வெளிநாட்டு மாணவரிடம் பல கல்லூரிகள் கேட்பது சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவம். அதற்கு முதல் கல்லூரிக்கு 25 டொலர், அடுத்தடுத்தவற்றுக்கு 16 டொலர். சில கல்லூரிகள் அதையும் தள்ளுபடி செய்கின்றன, சில தமது சொந்தப் படிவத்தையே ஏற்கின்றன.

யார் உண்மையில் கொடுக்கிறார்கள் என்று அறியக் காசு தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'கொமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. அதன் எச்6 பகுதியில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருக்கும். முகவர் அக்காவுக்குத் தந்த கல்லூரிப் பட்டியலை இதனோடு ஒப்பிட்டோம். பெரும்பாலானவை தேவை பார்த்து வெளிநாட்டவருக்கு ஒரு சதமும் கொடுக்காதவை. கொழும்பில் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில், அமெரிக்காவில் படிக்க விரும்புவோருக்கு வழிகாட்டும் அமெரிக்க அரசின் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனைப் பிரிவு இயங்குகிறது.  முதலில் அங்கே போங்கள்.

ஏற்கெனவே முகவரிடம் கொடுத்துவிட்டவர்கள், அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியை இன்றே கேட்டு வாங்கி, நிதி உதவிக் கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்கட்டும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். "அனுமதி வாங்கித் தந்தோமே" என்பதுதான் பதில். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் பற்றுச்சீட்டுகளைத் தொலைக்காதீர்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.