"முழுப் பதிப்பு" ஸ்டிக்கரை நம்பி டிஸ்க் வாங்குற ஆக்களுக்கு

கடையின்ர பேர் போடமாட்டன். யாழ்ப்பாணம் ரவுனுக்குள்ள பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேசன் 4) கேம் டிஸ்க் வாங்கி விக்கிற இடம் எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. கேமின்ர பேரையும் போடமாட்டன். இன்னும் முடிக்காத ஆக்கள் இருப்பினம், அவையின்ர வயித்தெரிச்சல் எனக்கு வேண்டாம்.

கதை சின்னன். தங்கச்சிக்குத் தீராத வருத்தம், அண்ணன்காரன் மருந்து தேடி நாடு நாடா அலையிறான். பெட்டியின்ர பின்பக்கத்தில "முடிவு உங்கள் கையில்" எண்ட மாதிரிக் கொட்டை எழுத்தில போட்டிருந்துது. நானும் விசரன் மாதிரி நம்பிப்போட்டன். வேலையால வந்து சாப்பிட்டிட்டு இருந்தா எழும்ப பன்னிரண்டு மணியாகும். ஒரு கிளைக்கதையும் விடேல்ல. துறைமுகத்தில ஒரு கிழவி ஆட்டைத் துலைச்சுப்போட்டு நிண்டவ, அதைத் தேடிக் குடுக்கவே ஒரு இரவு போச்சு. கொல்ல வேண்டிய ஆளையும் உயிரோட விட்டன், பேந்து உதவுவான் எண்டு. 72 மணித்தியாலம் எண்டு சேவ் காட்டுது.

அம்மா பக்கத்தில இருந்து கச்சான் உடைச்சுக்கொண்டு பார்ப்பா. தன்ர சீரியல் முடிஞ்ச கையோட இது அவவுக்கு அடுத்த சீரியல். நான் இரவில தனிய விளையாடினா அடுத்த நாள் காலமை தேத்தண்ணி தரேக்க கேப்பா: "அந்தப் பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுதோ?"

கடைசியில மூண்டு கதவு வருது. முதலாவதுக்குள்ள போனா தங்கச்சி சாவாள். ரெண்டாவதுக்குள்ள போனா தங்கச்சி தப்புவாள், ஊர் முழுக்கச் சாகும், ஆட்டுக்கிழவியும் சேத்து. மூண்டாவதில அண்ணனும் தங்கச்சியும் ஒண்டாப் போய்ச் சேருவினம். மூண்டையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தன். அதே மழை, அதே வயலின். நான் உயிரோட விட்டவன் ஒரு மூலையில நிண்டு தலையைக் குனியிறான், அவ்வளவுதான் அவன்ர உதவி.

அடுத்த நாள் டிஸ்க்கை மாத்துவம் எண்டு கடைக்குப் போனன். கடைக்கார அண்ணை சிரிச்சார். "தம்பி, நீர் விளையாடினது அரைவாசிக் கதை. நல்ல என்டிங் டிஎல்சியிலதான் இருக்கு. முழுப் பதிப்பு ஒண்டு கிடக்கு, கொண்டுபோம்." டிஎல்சி எண்டா கேம் வந்த பிறகு மேலதிகமா இறக்கிற பகுதி, அதையும் சேர்த்து விக்கிறதுதான் முழுப் பதிப்பு. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி. விலை 9,500 ரூபா. என்ர பழசை 4,000க்கு எடுத்து மிச்சம் 5,500 வாங்கினார். பில் கேக்க நான் மறந்திட்டன், தர அவரும் மறந்திட்டார்.

வீட்ட வந்து போட்டா, அதே டிஸ்க். ஒரு எழுத்து மாறேல்ல. பெட்டிக்குள்ள ஒரு தாள், அதில 12 எழுத்து கோட். அடிச்சுப் பார்த்தா ஏற்கனவே பாவிச்சாச்சு எண்டு வருது.

இதை நல்லா விளங்கிக்கொள்ளுங்கோ, காசு போறது இங்கதான். கனக்க "முழுப் பதிப்பு"களில டிஎல்சி டிஸ்க்குக்குள்ள இல்லை. அந்தத் தாளிலதான் இருக்கு, அதையும் ஒரே ஒருக்காத்தான் பாவிக்கலாம். முதல் வாங்கினவர் அடிச்சிட்டார் எண்டா அந்தப் பெட்டிக்கும் சாதாரணப் பெட்டிக்கும் வித்தியாசம் மட்டைப்படம் மட்டும்தான். சிலதில எல்லாம் டிஸ்க்கிலயே இருக்கும், அதுவும் உண்மை. எதெண்டு வாங்க முதல் தேடிப் பாருங்கோ. கடையில ஒரு பிஎஸ்4 ஓடிக்கொண்டுதான் இருக்கும், "போட்டுக் காட்டுங்கோ அண்ணை" எண்டு கேளுங்கோ. வெக்கப்படாதையுங்கோ.

திருப்பிக் கொண்டுபோனன். "டிஸ்க் ஓடுதுதானே? பிறகென்ன பிரச்சினை?" எண்டார். பில் இல்லாதவன் என்னத்தைக் கதைக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின்ர கடமை. பாவனையாளர் அதிகாரசபையின்ர இலக்கம் 1977. ரெண்டும் எனக்குக் காசு போன பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இதோட விட்டிருக்கலாம். விடேல்ல. கனடாவில இருக்கிற மச்சானைப் பிடிச்சு அவன்ர கார்ட்டில 20 டொலருக்கு டிஎல்சியை வாங்கினன். அதிலயும் ஒரு சிக்கல்: டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்கு வந்ததோ அந்தப் பிராந்தியத்துப் பிளேஸ்டேசன் கணக்கில வாங்கின டிஎல்சிதான் அதோட சேரும். என்ர கணக்கு ஒரு பக்கம், டிஸ்க் இன்னொரு பக்கம். புதுக் கணக்குத் திறந்து, இரவு டேட்டாவில மூண்டு இரவு இறக்கி, ஒன்பது மணித்தியாலம் விளையாடி அந்த "நல்ல என்டிங்"குக்கு வந்து சேர்ந்தன்.

தங்கச்சி சுகமாகி எழும்புறாள். அதுக்கிடையில நாப்பது வருசம் போயிட்டுது. அண்ணன் கிழவனாகிப் பக்கத்தில நிக்கிறான். "ஐயா, என்ர அண்ணாவைக் கண்டனீங்களோ?" எண்டு அவனிட்டையே கேக்கிறாள். திரை கறுப்பு.

நல்லா எழுதியிருக்கிறாங்கள், இல்லையெண்டு சொல்லேல்ல. எண்டாலும் நல்ல என்டிங் எண்டு சொல்லித்தானே அண்ணை வித்தனீங்கள்?

முடிவைத் தனியாக் காசுக்கு விக்கிற இந்த வியாபாரம் எங்கட கடைக்காரர் கண்டுபிடிச்சதில்லை எண்டதும் உண்மைதான். 2008இல வந்த ஃபோல்அவுட் 3 எண்ட கேமின்ர கடைசியில கதிர்வீச்சு நிரம்பின அறைக்குள்ள ஒராள் போகவேணும். நீங்கள் போய்ச் சாகலாம், இல்லாட்டி கூட வந்த பெண்ணை அனுப்பலாம். பக்கத்தில கதிர்வீச்சே பிடிக்காத ஃபோக்ஸ் எண்டொரு தோழன் சும்மா நிக்கிறான். கதையின்ர நடுவில இதே மாதிரி ஒரு இடத்துக்குள்ள போய் எங்களுக்குச் சாமான் எடுத்துத் தந்தவனே அவன்தான். கடைசியில போகச் சொன்னா, "இது உன்ர விதி" எண்ட மாதிரி மறுத்துப்போடுவான். அடுத்த வருசம் காசுக்கு டிஎல்சி வந்த பிறகுதான் ஐயாவுக்குப் போக மனம் வந்தது.

2012இல மாஸ் எஃபெக்ட் 3 வந்தநேரம் மூண்டு பாகத்தையும் விளையாடின சனம் கொதிச்சுப் போச்சு. வருசக்கணக்கில எடுத்த தெரிவெல்லாம் கடைசியில சிவப்பு, நீலம், பச்சை எண்டு நிறம் மாறின ஒரே முடிவாப் போச்சு எண்டு சொல்லி, சில பேர் அந்த மூண்டு நிறத்திலயும் ஏறத்தாழ 400 கப் கேக் செய்து நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டினம். எந்த நிறத்தைக் கடிச்சாலும் ஒரே ருசி. யூனில நீட்டின முடிவை இலவசமாக் குடுத்தாங்கள், அது வேற விசயம். சைபர்பங்க் 2077க்கு 2023இல வந்த டிஎல்சியில உயிர் தப்புற ஒரு முடிவு சேர்த்தாங்கள். அதிலயும் ரெண்டு வருசம் நினைவில்லாமல் கிடந்து எழும்ப, தெரிஞ்ச ஆக்களெல்லாம் தங்கட பாட்டில போயிருப்பினம். தப்பினதுக்கும் காசு, தனிச்சதுக்கும் காசு.

சோகம் எனக்குப் பிரச்சினை இல்லை. விட்சர் 3 எண்ட கேமில, நாயகன் மகள் மாதிரி வளர்த்த சிரி திரும்பி வராத முடிவு எனக்கு வந்தது. அண்டைக்கு நித்திரையே இல்லை, ஆனா கோவமும் வரேல்ல. அவள் மனமுடைஞ்சு இருந்த நேரம் பனிக்கட்டி எறிஞ்சு விளையாடாமல் "எல்லாத்திலயும் கெட்டிக்காரியா இருக்கத் தேவையில்லை" எண்டு சாராயத்தை நீட்டினவன் நான். அப்பிடிச் சின்னச் சின்னனா நான் விட்ட பிழையள் சேர்ந்துதான் அந்த முடிவு. இங்க நான் என்ன பிழை விட்டனான்? ஆடு தேடிக் குடுத்ததோ?

அம்மாவுக்கு மூண்டு கதவையும் நாப்பது வருசத்தையும் சொன்னன். கச்சான் கோதை ஒதுக்கிப்போட்டு யோசிச்சா. சின்ன வயசில நாடகக் கலைஞர் வி.வி. வைரமுத்துவின்ர மயான காண்டத்தைக் கோயில் வீதியில விடிய விடிய இருந்து பார்த்தவ. "சுடலையில நிண்ட அரிச்சந்திரனுக்கே கடைசியில மகன் எழும்பி வந்தவன். சத்தியத்துக்கு ஒரு கூலி வேணுமெல்லே? உவங்கள் ஆரடா, சோதிக்க மட்டும் வாறாங்கள்?" எண்டா. பிறகு, "உதுக்கோ இவ்வளவு கரண்ட் பில் கட்டினனாங்கள்?"

டிஸ்க்கை வைச்சிருக்க மனமில்லை. அதே கடைக்குக் கொண்டுபோய், கோட் பாவிச்சது எண்டு வாயால சொல்லி, 3,000க்குக் குடுத்திட்டு வந்தன். போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனா கண்ணாடி அலுமாரியில மஞ்சள் ஸ்டிக்கரோட நிக்குது, 9,500. திறந்து பார்த்தன், என்ர பெட்டிதான். இந்தப் பதிவும் அதாலதான்.

ஆராவது வாங்கிற யோசனை இருந்தால், காசு குடுக்க முதல் உள்ள இருக்கிற கோட் தாளைத் திருப்பிப் பாருங்கோ. பின்பக்கத்தில நீலப் பேனையால பால் கணக்கு எழுதியிருக்கும். அது அம்மாவின்ர கையெழுத்து.