காமன் கூத்து நிறத்தில் கம்பளி நூல்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குத் தொப்பியும் மப்ளரும் பின்னி விற்கிறவள் நான். வழக்கமாகக் கை வைப்பது கடையில் கிடைக்கிற அக்ரிலிக் நூலில்தான். மெரினோ ஆட்டுக் கம்பளி நூல் பக்கம் போனால் கட்டுபடியாகாது. ஆனால் ஹட்டன் பக்கம் வீட்டிலேயே சாயம் போடுகிற ஒரு தங்கச்சி, மலையகத் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தின் வேஷங்களையும் அம்பலாங்கொடை முகமூடிகளையும் பார்த்து நிறம் பிடித்திருக்கிறார் என்றதும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு எடுத்தேன். கட்டு 100 கிராம், 400 மீற்றர், 5,500 ரூபா. நூல் வெளிநாட்டுச் சரக்கு, சாயம் மட்டும் நம்மூர்க் கை.

'தகனம்' என்று ஒரு கட்டு. மாசியில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கிற இரவு. முழுக்கச் சாம்பல் நிறம், ஆனால் ஒரே சாம்பல் இல்லை. ஓரிடத்தில் எரிந்த வைக்கோலின் கறுப்பு, கொஞ்சம் தள்ளித் திருநீற்று வெளுப்பு, நடுநடுவே பொடிப்பொடியாகச் செம்மஞ்சள் புள்ளி. பின்னிக்கொண்டே போகும்போது எதிர்பாராத இடத்தில் ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும், அணைந்துவிடும். சாயத்தூளை ஈர நூலில் அப்படியே தூவிச் சூடு காட்டினால்தான் இப்படி விழும். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் முழுக் கட்டும் கெட்டுவிடும். இந்தப் பிள்ளைக்கு அந்த அளவு தெரிந்திருக்கிறது.

'ரதி'யில் அரிதார மஞ்சளும் ரோஸும். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டுவது ஆம்பளைதான். அவர் கன்னத்து ரோஸ் பவுடர் பெற்றோல்மெக்ஸ் வெளிச்சத்தில் எப்படித் தெரியுமோ, அப்படியே இருக்கிறது. மஞ்சளும் ரோஸும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலும் செம்மஞ்சள்தான் வரும், அழுக்காகாது. குறை ஒன்று உண்டு, சாயம் போகிறது. நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தேன், துணியில் ரோஸ் ஒட்டியது. கம்பளியில் சாயம் பிடிக்கப் புளிப்பும் சூடும் வேண்டும். வினாகிரி விட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல், சட்டித் தண்ணீர் தெளிகிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டிருக்கிறார்கள். போன் பண்ணிச் சொன்னேன். "அடுத்த சட்டியில பார்த்துக்கிறேன் அக்கா" என்றார். அதுவரை ரதியோடு வெள்ளை நூல் சேர்க்க வேண்டாம்.

கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளத்தின் பெயரில் உள்ள 'தப்பு' சாதாரணம். தேயிலைத் தூளில் ஊறிய தவிட்டு நிறம், எதோடும் ஒத்துப்போகும், அவ்வளவுதான்.

பிரச்சினை 'நாக ராட்சசன்'. நம்ம கூத்தில் முகமூடியைவிட முகத்தில் பூசுகிற அரிதாரம்தான் அதிகம். முகமூடி என்றால் தெற்கே அம்பலாங்கொடைதான். அங்கே சன்னி யகும சடங்கில் 18 நோய்ப் பேய்களுக்குத் தனித்தனி முகமூடியே உண்டு. நாக ராட்சச முகமூடி வேறு வகை. துருத்திய கண், தலையெல்லாம் படமெடுத்த நாகம், சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் இருக்கும். அத்தனை நிறம் இருந்தும் கண்ணைக் குழப்பாததற்குக் காரணம், ஒரு நிறம் முடிகிற இடத்தில் கறுப்புக் கோடு நின்று அடுத்ததைத் தடுக்கிறது. நூலில் அந்தக் கோடு ஏது? கட்டாக முறுக்கி வைத்திருக்கும்போது கண்ணைப் பறிக்கிறது. பின்னினால் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்த கண்ணியில் விழுந்து, நாலடி தள்ளி நின்று பார்த்தால் மழைக்காலத்து லயத்து வாசல் மாதிரிச் சேற்று நிறம்.

அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாதாரணக் கறுப்பு நூலைக் கூட வைத்துக்கொண்டு, ராட்சசனில் இரண்டு வரிசை, கறுப்பில் இரண்டு வரிசை என்று மாற்றிப் பின்னுங்கள். கறுப்பு வரிசையில் இடையிடையே ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே மற்ற ஊசிக்கு மாற்றிவிட்டால், கீழ் வரிசை நிறம் மேலே ஏறிக் கறுப்புக்கு நடுவே கட்டம் கட்டமாக நிற்கும். எனக்கு அதற்குப் பிறகுதான் முகமூடி முகமூடியாகத் தெரிந்தது. இந்த யோசனையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்சலுக்குள் வைத்திருக்கலாம்.

விலை கூடத்தான். ஒரு கட்டில் பெரியவர் தொப்பி ஒன்றும் பிள்ளைத் தொப்பி ஒன்றும் வரும். தகனத்தில் பின்னியதைக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் பேரம் பேசாமல் வாங்கினார்கள். சுவெட்டர் போடுகிறவர்கள் தேவையான அத்தனை கட்டையும் ஒரே சட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள். சட்டிக்குச் சட்டி சாம்பல் மாறும், முதுகுக்கும் கைக்கும் நடுவே அது அப்பட்டமாகத் தெரியும். ராட்சசனை மட்டும் கறுப்பு நூல் கையில் இல்லாமல் எடுக்காதீர்கள்.