மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்குதல்

நவராத்திரி நெருங்கும் நாள்களில், கபாலீசுவரர் கோயிலை அடுத்த வடக்கு மாட வீதியின் ஓரங்கள் கொலு பொம்மைகளால் நிறைந்துவிடும். ஆண்டுக்கு ஒரு புது பொம்மையாவது படியேற வேண்டும் என்ற வழக்கம் உள்ள வீடுகளுக்கு, சென்னையில் இதைவிட நல்ல சந்தை இல்லை என்பது என் கருத்து. இணையத்தில் படம் பார்த்து வாங்குவது எளிதுதான். ஆனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு அம்மன்களில் ஒன்றுக்குக் கண் எழுதிய கை நிதானமாகவும் மற்றொன்றுக்கு அவசரமாகவும் இருந்திருக்கும். அந்த வேறுபாடு, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் புலப்படும்.

வாங்குமுன் பொம்மையைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். சுட்ட மண் பொம்மையின் அடி செங்கல் நிறத்திலும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது வெள்ளையாகவும் இருக்கும். அடியிலும் வண்ணம் பூசியிருந்தால் கடைக்காரரிடம் கேட்டுவிடலாம். காகிதக் கூழ் பொம்மை எடை குறைந்தது, எளிதில் உடையாது. ஆகவே குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கும், பெரிய உருவங்களுக்கும் அதுவே ஏற்றது, ஆயினும் பரணில் ஈரம் படாமல் காக்க வேண்டும். மண் பொம்மை கனமானது, தவறினால் போயிற்று. இருந்தும் முகத்தின் நுணுக்கத்தில் அதற்கே நான் முதலிடம் தருவேன். பாட்டி காலத்து மண் பொம்மைகள் இன்னும் பல வீடுகளின் மேல்படியில் வீற்றிருப்பது அதன் ஆயுளுக்குச் சான்று.

தசாவதாரம், அஷ்டலட்சுமி, கல்யாண செட், செட்டியார் கடை ஆகியவை எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. 2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் 48 நாள் விழாவில் தரிசனம் தந்த பிறகு, சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அவர் இங்கு வந்து சேர்ந்தார். வெற்றிலை பாக்குக்கு வரும் அக்கம்பக்கத்தார் 'இந்த வருஷம் எது புதுசு?' என்று கேட்டு நின்று பார்ப்பது இத்தகைய பொம்மைகளைத்தான்.

குறை என்று சொன்னால், கட்டித் தரும் முறைதான். வைக்கோலும் செய்தித்தாளும் சுற்றித் தருகிறார்கள். பேருந்தில் செல்வோர்க்கு அது போதாது. பழைய துண்டுகளும் ஓர் அட்டைப்பெட்டியும் எடுத்துச் செல்வது நல்லது. மாலையில் நெரிசல் மிகுதி. காலையில் சென்றால் விற்பவர்கள் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறார்கள், விலையும் பேச இடம் கொடுக்கிறார்கள்.

மகாளய அமாவாசைக்குப் பிறகு விலை இறங்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. தனி பொம்மைகளுக்கு அது சரி. செட் வாங்குவோர் முன்னதாகவே போய்விட வேண்டும், ஏனெனில் பிற்பாடு எஞ்சுபவற்றில் ஓர் உருவம் குறைந்தோ நிறம் மாறியோ இருக்கக்கூடும். வீட்டிலுள்ள பழைய செட்டில் ஒன்று உடைந்திருந்தால், மற்றவற்றின் படத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். உதிரியாக விற்கும் கடைகளும் அதே வீதியில் உண்டு.