முடுக்கினால் எரியும் சிவப்பு பல்ப்: சேலத்தில் ஒரு டைனமோ கடை

எங்கள் வீட்டில் இருப்பது 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நாலு கதவு, 948 சிசி, சென்னையில் செய்த வண்டி. அப்பா வாங்கியது. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. வாரம் ஒருமுறை சேலம் இறங்கி ஏற வேண்டும், 20 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டியில் இன்ஜினோடு சேர்ந்து சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. அந்தச் சார்ஜ் ஏறாமல் நாலு மாதம் அலைந்தேன். கடைசியில் சரிசெய்து கொடுத்த கடையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மலை இறங்கும்போது மூடுபனி. ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓடுகின்றன. எட்டாவது வளைவு வருவதற்குள் வெளிச்சம் மஞ்சளாகி, அகல் விளக்கு மாதிரி ஆகிவிட்டது. எதிரே பஸ் வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். பிறகு செல்ப் எடுக்கவே இல்லை.

முதலில் காட்டிய கடையில் பேட்டரி போச்சு என்றார்கள். புது பேட்டரி 5,600 ரூபாய். பத்து நாளில் அதுவும் இறங்கிவிட்டது. அடுத்த கடையில் ஆர்மேச்சரை, அதாவது டைனமோவுக்குள் சுற்றும் கம்பிச் சுருளை, கழற்றி ரீவைண்டிங் செய்தார்கள், 3,200 ரூபாய். மாட்டிய பிறகும் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், மீட்டர் வைத்துப் பார்த்து, "14 வோல்ட் வரலக்கா, டைனமோவைத் தூக்கிப் போட்டுட்டு மாருதி ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம்" என்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் லாரிக்காரர்கள் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். பேர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பிற்கால வண்டிகளில் டைனமோவுக்குப் பதிலாக வரும் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கிலேயே சார்ஜ் கொடுக்கும். பழைய டைனமோ கொடுக்காது, இன்ஜின் கொஞ்சம் சுற்றினால்தான் கொடுக்கும். ஐட்லிங்கில் மீட்டர் வைத்து அதைச் செத்துப்போச்சு என்று சொல்வது அநியாயம்.

நான் எல்லாக் கடையிலும் ஒரு விஷயம் சொன்னேன்: டேஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு பல்ப், மெதுவாகப் போனால் மங்குகிறது, செகண்ட் கியரில் முடுக்கி ஏறினால் பளிச்சென்று எரிகிறது. இரண்டு முறை அந்த பல்ப்பே ஃபியூஸ் போனது. யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தக் கடை ஐந்து ரோட்டிலிருந்து நான்கு ரோடு போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் லாரி செல்ப் மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும், அதுதான் அடையாளம். நடத்துபவருக்கு எழுபது வயது இருக்கும், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பல்ப் விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த ஆர்மேச்சரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுமா. முடுக்கினா எரியுதா, அணையுதா?"

"முடுக்கினாத்தான் பாய் நல்லா எரியுது."

"அப்ப டைனமோ உசுரோடதான் இருக்கு. அது கொடுக்குது, வாங்கிக்கத்தான் ஆள் இல்ல."

பிறகு விளக்கினார். அந்த பல்ப்புக்கு ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் டைனமோவின் 'டி' முனை, கரண்ட் வெளியே வரும் இடம். டைனமோ சுற்றாதபோது பேட்டரி கரண்ட் பல்ப் வழியாக டைனமோவுக்குப் போகும், எரியும். இரண்டு பக்கமும் சமமானால் அணையும். டைனமோவை பேட்டரியோடு சேர்க்கும் சுவிட்சான கட்-அவுட் சேராமல் டைனமோ மட்டும் தன் போக்கில் ஏறிக்கொண்டே போனால், இந்தத் தடவை கரண்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து பல்ப்பை எரிக்கும். நாலு மாதமாக அந்த பல்ப் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஹெரால்டின் பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாய் உட்கார்ந்தார். டைனமோவிலிருந்து 'டி', 'எஃப்' (ஃபீல்டு காயில் முனை) இரண்டு வயரையும் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை டைனமோ பாடியிலும் வைத்தார். கடைப் பையனை மெல்ல ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். முள் தடங்கல் இல்லாமல் 15 வோல்ட்டுக்கு ஏறியது. உடனே விடச் சொன்னார். 20-ஐத் தாண்ட விடக் கூடாதாம். முள் ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றால், ஆர்மேச்சரைச் சுற்றிக் காந்தமாகும் ஃபீல்டு காயிலில் கோளாறு, நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சரில். இங்கே இரண்டும் இல்லை.

அடுத்து கட்-அவுட் பெட்டி. லூகாஸ் கம்பெனிப் பெட்டி, உள்ளே இரண்டு காயில். ஒன்று வோல்ட்டைக் கட்டுப்படுத்த, ஒன்று பேட்டரியைச் சேர்க்கவும் பிரிக்கவும். பாய் பெட்டியைத் திறக்கவே இல்லை. 'இ' முனையிலிருந்து, அதாவது எர்த், ஒரு வயரை நேராக பேட்டரியின் எர்த் முனைக்குப் பிடித்தார். பையன் மிதித்தான். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்பு பல்ப் அணைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

காரணம் என்ன தெரியுமா? போன சித்திரையில் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தோம். பெட்டியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, புதுப் பெயிண்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் தடுத்து எர்த் கிடைக்காததால் காயிலுக்குக் கரண்ட் இல்லை, கட்-அவுட் சேரவே இல்லை. டைனமோவைக் கட்டுப்படுத்தவும் ஆள் இல்லை. ஸ்க்ரூ இருந்த இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. ரீவைண்டிங் செய்த கடையில் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையே திரும்பப் போட்டிருந்தார்கள். புதுக் கார்பன் போட்டார். ஆர்மேச்சர் முனையில் கார்பன் உரசும் காமுட்டேட்டரில் செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை உடைந்த ஹேக்ஸா பிளேடால் கொஞ்சம் கீழே இறக்கினார். பின்பக்க வெண்கலப் புஷ் காய்ந்து கிடந்தது, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வருஷத்துக்கு நாலு தடவை விடச் சொன்னார். மொத்தம் 1,150 ரூபாய்.

கிளம்பும்போது ஒரு கணக்கும் சொன்னார். இந்த டைனமோ முழு வேகத்தில் கொடுப்பது ஏறக்குறைய 20 ஆம்பியர். இரண்டு ஹெட்லைட்டுக்கே ஏழு, எட்டு ஆம்பியர் போகும். வைப்பர், இக்னிஷன், பின்விளக்கு எல்லாம் சேர்ந்தால் 14 பக்கம் வரும். அதனால் பனியில் இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்ற விட வேண்டும், நியூட்ரலில் விடவே கூடாது.

குறைகளும் உண்டு. லாரிகளுக்குத்தான் முதல் கவனிப்பு, நான் காலை போய் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கிளம்பினேன். உட்கார ஒரு ஸ்டூல்தான், பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. பில் தர மாட்டார். கடைசியில் பையன் ஃபேன் பெல்ட்டை ரொம்ப இறுக்கிவிட்டான். கோரிமேடு தாண்டியதும் கீச்சென்று சத்தம் வந்தது, வீட்டில் நானே தளர்த்தினேன். கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். இதை பாய் தானே பார்த்திருக்கலாம்.

இருந்தாலும், சேலத்தில் டைனமோ வண்டி வைத்திருக்கிற யாரையும் நான் இங்கேதான் அனுப்புவேன். அளந்து பார்க்காமல் அவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார். மலை ஏறி வந்து பார்க்க மாட்டார், வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். புதன், வியாழன் காலை 10 மணிக்குள் போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சிவப்பு பல்ப் எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.